குல்லுவிலிருந்து வந்த கொடியும் அலங்காரக் கிண்ணத்துப் பூசணியும்

கேள்வி: ஐயா, நாங்கள் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். போன வருடம் குடும்பத்தோடு இமாசலப் பிரதேசம் போயிருந்தோம். குல்லு மாவட்டத்தில் பஞ்சார் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கொடி ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டேன். அந்த வீட்டு அம்மா ஒரு கை கறுப்பு விதை கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதில் 'கரேலா' என்ற சொல் மட்டும் புரிந்தது. பாகல்தானே என்று ஜூனில் மொட்டை மாடியில் ஊன்றினேன். கொடி தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஏறிவிட்டது, ஆனால் பாகல் மாதிரியே இல்லை. இலை விரல் விரலாகப் பிரிந்திருக்கிறது. பூ கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. இப்போது வெளிர்பச்சையில் காய்கள், மேலே மெத்தென்ற முள். உள்ளே காலி. பக்கத்து வீட்டுக்காரர் இலையைப் பார்த்துவிட்டு "கஞ்சாவா?" என்று கேட்டுவிட்டார். இதைச் சாப்பிடலாமா? வீட்டில் எட்டு வயதுப் பையன் இருக்கிறான். மாமனாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை. இன்னொரு கொடியும் இருக்கிறது. நாங்கள் தங்கிய விடுதியில் மேஜை மேல் அழகுக்கு வைத்திருந்த காய்ந்த சின்னப் பூசணியிலிருந்து எடுத்த விதை. அது நன்றாகக் காய்த்திருக்கிறது. பூசணிதானே என்று மாமியார் கூட்டு வைக்கலாம் என்கிறார். பெயர் போட வேண்டாம்.

பதில்: கடிதமும் படங்களும் கிடைத்தன. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சின்னப் பூசணியைச் சமைக்க வேண்டாம், ருசி பார்க்கவும் வேண்டாம். நான் சொன்னதாகவே மாமியாரிடம் சொல்லுங்கள். நீங்கள் பயந்துகொண்டிருக்கிற முள்ளுக்காய் நல்ல காய்கறி, அதைச் சாப்பிடலாம். நம்பி வளர்த்த பூசணியைத்தான் ஒதுக்கி வைக்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாரிலிருந்து வந்த கொடியின் தாவரவியல் பெயர் சைக்ளாந்தெரா பெடாட்டா. இமாசலத்திலும் உத்தராகண்டிலும் மீட்டா கரேலா, ராம் கரேலா, பஹாடி கரேலா என்று பல பெயர்களில் வீட்டுக்கு வீடு வளர்க்கிறார்கள். டார்ஜிலிங், சிக்கிம் பக்கம் சூச்சே கரேலா. நேபாளத்தில் பரேலா. அந்த அம்மா உங்களிடம் சொன்னதும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நமக்குப் பழக்கமான பாகல் மொமோர்டிகா என்ற வேறு பேரினம். வெள்ளரி, பூசணி, பாகல் எல்லாம் இருக்கிற அதே பெரிய குடும்பத்தில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான் உறவு.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். தெரியாத கொடியை ஒருவர் "இதுதான்" என்று சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று தெரிந்துகொண்ட பிறகே வாயில் வைக்க வேண்டும். எல்லோரும் முதலில் காயைப் பார்க்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் அதிகம் ஏமாற்றுவது காய்தான். ஒரே சுரை இனத்தில் உருண்டைக் காயும் உண்டு, பாம்பு மாதிரி நீளக் காயும் உண்டு. வேறு வேறு பேரினங்கள் ஒரே உருவத்தில் காய்ப்பதும் உண்டு. அதனால் நான் இலை, பற்றுக்கம்பி, பூ, விதை என்று பார்த்துவிட்டுக் கடைசியில்தான் காய்க்கு வருவேன்.

உங்கள் இரண்டாவது படத்தில் இலை தெளிவாக இருக்கிறது. வெட்டுப்பட்ட ஒற்றை இலை இல்லை அது. ஐந்து முதல் ஏழு வரை தனித்தனிச் சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கிறது. பாகல் இலையும் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும், ஆனால் நடுவில் எல்லாம் ஒரே தகடாகச் சேர்ந்திருக்கும். தண்டும் இலையும் சொரசொரப்பில்லாமல் வழவழவென்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் பொருந்துகிறது. பாகலின் பற்றுக்கம்பி கிளை பிரியாமல் ஒற்றையாக இருக்கும். உங்கள் கொடியில் அது பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்து சுருள்கிறது.

பூ இன்னும் தெளிவான சாட்சி. பாகல் பூ பளிச்சென்ற மஞ்சள், தூரத்திலிருந்தே தெரியும். உங்கள் கொடியில் ஆண் பூக்கள் கொத்தாக, வெளிறிய பச்சையும் வெள்ளையும் கலந்து, மிளகு அளவில் இருக்கின்றன. அந்தக் கொத்து கிளம்புகிற அதே கணுவில் பெண் பூ ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் பிஞ்சு ஏற்கெனவே தெரிகிறது. கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் ஆண் பூவுக்குள் பாருங்கள். மகரந்தப் பை தனித்தனியாக இல்லாமல் ஒரே வட்ட வளையமாகச் சேர்ந்திருக்கும். இந்தப் பேரினத்துக்கே உரிய அடையாளம் அது.

அப்புறம் விதை. நீங்கள் வெள்ளைத் தட்டில் வைத்து எடுத்த படத்தைப் பார்த்ததுமே எனக்கு முக்கால்வாசி சந்தேகம் தீர்ந்துவிட்டது. கறுப்பாக, தட்டையாக, ஓரம் ஒழுங்கில்லாமல், உடைந்த மண்சட்டிச் சில்லு மாதிரி இருக்கிறது. பாகல் விதை தவிட்டு நிறத்தில், இரண்டு பக்கமும் செதுக்கின மாதிரி கோலத்தோடு இருக்கும், பழுத்த பிறகு சிவப்புச் சதை அதைச் சுற்றியிருக்கும். சுரை விதை, பூசணி விதை எதுவும் இப்படி இருக்காது. கறுப்பு விதை என்றதும் சிலருக்கு மலைப்பகுதிகளில் வளரும் அத்தியிலைப் பூசணி நினைவுக்கு வரும். அதன் விதை கறுப்பானாலும் பூசணி விதையின் ஒழுங்கான உருவம்தான். பூவும் பெரிய மஞ்சள் பூ.

காயைப் பிளந்தால் உள்ளே பெரும்பாலும் காற்றுதான். ஒரு பக்கச் சுவரில் பஞ்சு மாதிரி வெள்ளைத் தண்டு, அதில் ஒட்டிக்கொண்டு சில விதைகள். அடி அகன்று, நுனி கூம்பி, சற்றே வளைந்த உருவம். இந்த ஐந்தும் ஒரே கொடியில் சேர்ந்து இருக்கிறபோது வேறு எதையும் யோசிக்க இடமில்லை.

ஒரே ஒரு நெருங்கிய உறவினர் உண்டு. முற்றியதும் பட்டென்று வெடித்து விதையை வீசுகிற சைக்ளாந்தெரா இனம் அது. அதிலும் முள் உண்டு, காயின் ஒரு பக்கம் புடைத்திருக்கும். ஆனால் அதன் இலை சிற்றிலைகளாகப் பிரியாமல் ஒரே இலையாகக் கோணத்தோடு இருக்கும். உங்களுடையது அதுவல்ல. அதுவாகவே இருந்தாலும் இளம் காயைச் சாப்பிடுகிறார்கள்.

கைப்பேசிச் செயலி ஒன்று காயின் படத்துக்குப் பாகல் என்றும், இலையின் படத்துக்குக் கஞ்சா என்றும் காட்டியதாகப் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். செயலி ஒரு துப்புக் கொடுக்கும், அதோடு சரி. ஒரே ஒரு படத்தை வைத்து அது சொல்வதை நம்பிச் சமைக்கக் கூடாது. உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், பூவும் பிஞ்சும் இலையும் சேர்ந்த ஒரு கிளையை ஈரத் துணியில் சுற்றி ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திலோ, ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்திலோ காட்டிக் கேட்டுப் பாருங்கள். வெறும் காயை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர் மீது கோபப்படாதீர்கள். விரலாகப் பிரிந்த இலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றும். கூப்பிட்டுப் பக்கத்தில் காட்டுங்கள். கஞ்சா நிமிர்ந்து நிற்கும் செடி, எதையும் பிடித்து ஏறாது. பற்றுக்கம்பி என்பதே அதற்குக் கிடையாது. இந்தக் கொடியோ கம்பி, கயிறு, பக்கத்துச் செடி என்று கண்டதையெல்லாம் சுற்றிப் பிடிக்கிறது. காய்ப்பதைப் பார்த்த பிறகு அவருக்கும் இரண்டு காய் கொடுங்கள், பேச்சு தன்னால் முடிந்துவிடும்.

இமயமலைச் சரிவில் இவ்வளவு ஊறிப்போன இந்தக் காயின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பெருவில் கைகுவா என்பார்கள், பொலிவியா, ஈக்வடார் பக்கம் அச்சோச்சா. பண்டைய பெருவின் மண்பாண்டங்களில் இந்தக் காயின் உருவத்தையே வடித்திருக்கிறார்கள். இன்றைக்கும் அங்கே காலியான வயிற்றுக்குள் இறைச்சியை அடைத்துச் சமைக்கிறார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த சௌசௌவைத் தமிழ்நாட்டில் பெங்களூர் கத்தரிக்காய் என்கிறோம் இல்லையா, அந்த மாதிரி மலை ஊர்க்காரர்கள் இதைத் தங்கள் காயாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

சரி, இப்போது அந்தப் பூசணி.

படத்தில் இருப்பது பேரிக்காய் உருவம், பாதி மஞ்சள், பாதி பச்சை, நீளவாக்கில் கோடு, கட்டைத் தோல். காய்ந்த பிறகு மேஜை மேல் வைக்கவே வளர்க்கிற அலங்காரப் பூசணி இது. இனம் குக்குர்பிடா பெப்போ. வெள்ளரி மாதிரி நீளமாகக் காய்க்கிற சுக்கினியும் அதே இனம்தான். நாம் சாம்பாருக்கு வாங்குகிற பரங்கிக்காய் பெரும்பாலும் வேறு இனம். அலங்காரப் பூசணியைக் கண்ணுக்காகத்தான் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள், நாக்குக்காக அல்ல. அதனால் காட்டுப் பூசணியின் கசப்பு அதில் அப்படியே இருக்கிறது.

அந்தக் கசப்புக்குக் காரணம் குக்குர்பிடாசின் என்ற வேதிப்பொருள். புழு பூச்சியும் விலங்கும் தின்னாமல் இருக்கச் செடி தானே செய்துகொள்ளும் பாதுகாப்பு அது. நம் முன்னோர்கள் பல தலைமுறையாகக் கசக்காத காயின் விதையையே எடுத்து ஊன்றி ஊன்றித்தான் இன்றைய சுரையும் பூசணியும் வெள்ளரியும் வந்தன. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று காட்டு இனங்களை ஊரில் தனியாக ஒதுக்கி வைத்ததும் இந்தக் கசப்பினால்தான்.

இந்தக் கசப்பு விஷம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, கடுமையான வயிற்றுவலி, பேதி என்று ஆரம்பிக்கும். அதிகமாகப் போனால் ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது என்று போகும். வேக வைத்தாலும் வறுத்தாலும் இது அழியாது. மாற்று மருந்தும் கிடையாது. வரும் அறிகுறிகளுக்குத்தான் மருத்துவமனையில் சிகிச்சை செய்ய முடியும். டெல்லியில் 2010ல் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தார். அவர் அதைப் பாகற்காய்ச் சாற்றோடு கலந்து குடித்திருந்தார், அதனால் சுரை கசந்தது தனியாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இதற்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. கசக்கிற சுரைச் சாற்றைக் குடிக்கக் கூடாது, வெட்டியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், வேறு சாறோடு கலக்கக் கூடாது, குடித்த பின் உடம்புக்கு ஏதாவது செய்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. 2012ல் அது வெளியானது. ஜெர்மனியில் 2015ல் 79 வயதுப் பெரியவர் ஒருவர் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சாப்பிட்டு இறந்தார். கசப்பாக இருந்ததால் அவர் மனைவி கொஞ்சமாகச் சாப்பிட்டார், அவர் பிழைத்துக்கொண்டார். கசக்கிறதே என்று நினைத்தும், சமைத்ததை வீணாக்க மனமில்லாமல் சாப்பிடுகிற பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

"பாகற்காயும் கசக்கத்தானே செய்கிறது?" என்று மாமியார் கேட்பார். நியாயமான கேள்வி. பாகலின் கசப்புக்குக் காரணமான பொருள்கள் வேறு. அந்தக் கசப்போடுதான் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம். கசக்கக் கூடாத காய் கசந்தால்தான் ஆபத்து. சுரை, வெள்ளரி, பீர்க்கு, புடல், பூசணி, சுக்கினி எதுவாக இருந்தாலும், வெட்டியதும் நகம் அளவு துண்டை நாக்கு நுனியில் வையுங்கள். கசந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள், காயை முழுக்க எறியுங்கள். உப்பு போட்டுப் பிழிவது, புளி சேர்ப்பது எதுவும் உதவாது. பெரியவர்கள்தான் இப்படிப் பார்க்க வேண்டும், பையனிடம் கொடுத்துப் பார்க்க வேண்டாம். அலங்காரப் பூசணிக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை, அதன் இடம் சமையலறை இல்லை.

இதில் விதை சேர்க்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் மாடியிலோ பக்கத்து மாடியிலோ யாராவது சுக்கினி வளர்த்தால், தேனீ அலங்காரப் பூசணியின் மகரந்தத்தை அதில் கொண்டுபோய் வைத்துவிடும். அந்த வருடம் காய்க்கிற சுக்கினிக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் காயின் சதை முழுக்கத் தாய்ச்செடியுடையது. ஆனால் அதற்குள் இருக்கிற விதை கலப்பு விதை. அதை எடுத்து அடுத்த வருடம் ஊன்றினால், பார்க்க நல்ல காயாக இருக்கும், வாயில் வைத்தால் கசக்கும். கசப்புக் குணம் ஓங்கு குணம், ஒரு பக்கத்துப் பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். வீட்டு விதையில் வளர்ந்த காய் திடீரென்று கசப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அதனால் அந்தக் கொடியைப் பிடுங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. காய்களின் அழகு பிடித்திருந்தால் நான்கைந்தை மட்டும் நன்றாகக் காயவைத்து அலமாரியில் வையுங்கள். சாப்பிடும் பொருள் இல்லை என்று பையனுக்கும் தெரிய வேண்டும். மீதியை உரக்குழியில் போடாமல் குப்பையில் போடுங்கள். உரத்தோடு போனால் அடுத்த மழைக்குத் தொட்டி தொட்டியாக அதே கொடி முளைக்கும், அதை யாராவது பூசணி என்று நினைத்து வளர்ப்பார்கள்.

குல்லுக் கொடிக்கு வருகிறேன். இந்தக் காயை எப்படிச் சாப்பிடுவது? விரல் நீளத்துக்குள் இருக்கும் பிஞ்சைப் பச்சையாகவே சாப்பிடலாம். வெள்ளரி மாதிரி இருக்கும், கொஞ்சம் குடைமிளகாய் வாசனை. பெங்களூரில் இருக்கிறீர்கள், கோசம்பரி வீட்டில் அடிக்கடி செய்வீர்கள். ஊறவைத்த பாசிப்பருப்பு, தேங்காய்த் துருவல், எலுமிச்சை, கொத்தமல்லியோடு வெள்ளரிக்குப் பதில் இதை மெல்லிசாக நறுக்கிப் போடுங்கள். முள் மெத்தென்று இருப்பதால் தோல் சீவ வேண்டாம்.

கொஞ்சம் பெரிதான காயை நீளவாக்கில் பிளந்து, விதையையும் வெள்ளைப் பஞ்சையும் எடுத்துவிட்டு வளையமாக நறுக்குங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, வெங்காயம் வதங்கியதும் காயைப் போட்டு, மூடாமல் வதக்கிக் கடைசியில் தேங்காய் சேர்த்தால் போதும். கால் கிலோ நறுக்கினால் வெந்த பிறகு இவ்வளவுதானா என்று இருக்கும். உள்ளே காற்றுதானே, சுருங்கிவிடும். தண்ணீர் ஊற்றி வேக வைத்தால் குழைந்துபோகும், சுவையும் இருக்காது. எனக்குப் பிடித்தது பருப்பு உசிலி. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் மிளகாயோடு கொரகொரப்பாக அரைத்து ஆவியில் வேகவைத்து உதிர்த்து, இந்தக் காயோடு சேர்த்துப் பாருங்கள், பீன்ஸ் உசிலிக்கு எந்த விதத்திலும் குறையாது. அதே உதிர்த்த பருப்பை முழுக் காய்க்குள் அடைத்து, எண்ணெயில் புரட்டி வேகவிடலாம். பாகலுக்குச் செய்வது போல உப்புப் போட்டுப் பிழிவது, புளித் தண்ணீரில் ஊற வைப்பது எதுவும் இதற்கு வேண்டாம். இளம் கொழுந்தையும் கீரை மாதிரி சமைக்கிறார்கள்.

ஆனாலும் இது உங்கள் வீட்டுக்குப் புதுக் காய். முதல் தடவை நீங்களோ உங்கள் கணவரோ வெந்த காயைக் கொஞ்சம் மட்டும் சாப்பிட்டு, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். எந்தப் புதுக் காய்க்கும் யாருக்காவது ஒவ்வாமை வரலாம். ஒன்றும் இல்லையென்றால் பையனுக்கும் கொடுக்கலாம். நாக்கு நுனிச் சோதனை இதற்கும் உண்டு, கசக்கக் கூடாத காய் இது. ஒருவேளை ஏதாவது ஒரு காய் கசந்தால் அதை எறிந்துவிடுங்கள்.

மாமனார் விஷயத்தில் ஒரு வார்த்தை. பெருவில் கொழுப்பைக் குறைக்கும் என்று சொல்லி இதன் பொடியை மாத்திரையாகக்கூட விற்கிறார்கள். கரேலா என்ற பெயரை வைத்துச் சர்க்கரைக்கு நல்லது என்றும் இங்கே யாராவது சொல்வார்கள். இரண்டையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பொரியலாகவோ உசிலியாகவோ மற்றக் காய்களைப் போல அளவாகச் சாப்பிடட்டும். சாறு எடுத்துக் குடிக்க வேண்டாம், இதை நம்பி மாத்திரை அளவைக் குறைக்கவும் வேண்டாம். சாப்பாட்டில் அவருக்கு ஏற்கெனவே கட்டுப்பாடு இருந்தால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்ப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சென்னையில் இருந்து இதே கேள்வி வந்திருந்தால் அதிகம் நம்பிக்கை கொடுத்திருக்க மாட்டேன். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இரவு குளிர்கிறது, அதனால் இந்த மலைக்கொடி இங்கே பிழைத்துக்கொள்கிறது. மே கடைசி, ஜூன் முதல் மழைக்கு ஊன்றினால் முதல் மூன்று மாதம் இலையும் கொடியுமாகவே போகும். பொழுது குறுகி, குளிர் ஆரம்பிக்கும்போதுதான் ஒழுங்காகக் காய் பிடிக்கும். பலர் ஆகஸ்டிலேயே "மலட்டுக் கொடி" என்று பிடுங்கிவிடுகிறார்கள். நீங்கள் பொறுத்திருந்தது நல்லதாகப் போயிற்று. கொடி கொழுகொழுவென்று போகிறதே என்று யூரியா, மாட்டுச் சாணக் கரைசல் என்று மேலும் மேலும் ஊற்றினால் இலைதான் பெருக்கும். பெரிய க்ரோ பேக், வலுவான பந்தல், மண் காயாமல் மேலே சருகு மூடாக்கு, இவ்வளவு போதும். பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டியதில்லை. சின்ன ஈக்களும் எறும்புகளும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், அதனால் பூக்கிற காலத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். கீழ் இலைகள் மஞ்சளாகிப் புள்ளி விழுந்தால் கிள்ளி எடுத்து, காற்றோட்டம் விடுங்கள். குளிர் போய் வெயில் ஏற ஏறக் கொடி தானே ஓய்ந்துவிடும். ஒரு பருவக் கொடிதான் அது, நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இந்தக் கொடியில் தாராளமாக விதை எடுக்கலாம். பாகலோடோ வெள்ளரியோடோ பூசணியோடோ இது கலக்காது, பேரினமே வேறு. சுற்று வட்டாரத்தில் இதன் இனம் வேறு யாரிடமும் இருக்க வாய்ப்பில்லை. அதனால் நீங்கள் எடுக்கிற விதை அந்த அம்மாவின் தோட்டத்தில் பார்த்த அதே காயைத்தான் தரும். அலங்காரப் பூசணிக்கு நான் சொன்ன கவலை எதுவும் இதற்கு இல்லை. நன்றாகக் காய்க்கிற கொடியில் முதலில் பிடித்த இரண்டு மூன்று காய்களில் நூல் கட்டி, பறிக்காமல் விடுங்கள். வெளுத்து மஞ்சளாகித் தோல் சுருங்கிய பிறகு பறித்து, விதையை எடுத்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருக்கிற விதை முற்றாதது, அதை ஒதுக்கிவிடுங்கள். காகித உறையில் போட்டு, எந்த ஊர் விதை, எந்த மாதம் எடுத்தது என்று மேலேயே எழுதி வையுங்கள்.

அடுத்த பயணத்துக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் மறுபடியும் விதை கொண்டு வருவீர்கள் என்று தெரிகிறது, கொண்டு வரவும் வேண்டும். வளர்க்கிறவரிடம் கேட்டு வாங்குங்கள். வாங்கும் முன் அந்தக் காயை அந்த ஊரிலேயே, அவர்கள் சமைத்த விதத்தில் ஒரு வாய் சாப்பிட்டுவிடுங்கள். தாய்க்கொடியின் ருசி தெரியாத விதையைச் சாப்பாட்டுக்காக ஊன்றக் கூடாது. இலை, பூ, காய், விதை நான்கையும் படம் எடுங்கள், அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் வாயால் பேச வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அலங்காரப் பொருளிலிருந்தும், வேலியில் தானாகப் படர்ந்த கொடியிலிருந்தும் சமையலுக்கு விதை எடுக்க வேண்டாம். நம் ஊர் வேலிகளிலேயே ஐவிரலி படர்கிறது, வெள்ளைக் கோடு போட்ட சிவப்புப் பழத்தோடு பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் நஞ்சு. வெளிநாட்டிலிருந்து என்றால் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட முடியாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவரநலச் சான்றிதழும் வேண்டும். ஒரு விதையோடு கண்ணுக்குத் தெரியாத நோய் ஒன்று வந்தால் பாதிக்கப்படுவது விவசாயி, அதனால் அந்தச் சட்டத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். நாட்டுக்குள் வீட்டுத் தோட்டத்துக்காக ஒரு கை விதை கொண்டு வருவதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

இந்த வாரம் பூசணிக் கொடியை எடுத்துவிடுங்கள். மற்றதில் ஒன்றுவிட்டு ஒரு நாள் காய் பறியுங்கள், முற்ற விட்டால் புதுப் பிஞ்சு பிடிப்பது குறைந்துவிடும். நூல் கட்டிய காய்களை மட்டும் பையன் பறித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.